நாய்க்குப் பாடிய எல்விஸ்

பெட்டிக்குள் பாட்டுக் கச்சேரி: வரலாற்றுத் தொடர் – 11

நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்த எட் சல்லிவன், பாடவும் தெரியாமல் ஆடவும் தெரியாமல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணியைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்ட கதையைப் போன வாரம் பார்த்தோம். 1948 ஜூன் 20 அன்று சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கிய அவருடைய பல்சுவை நிகழ்ச்சி 1971 வரை ஓடியது. இந்த வாரம், அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு விருந்தினராக வந்த பாடகர்களைப் பற்றியும், அவர்களுக்காக ரசிகர்கள் போட்ட சண்டையைப் பற்றியும் பார்க்கலாம்.

சண்டைக்கு அடிப்படைக் காரணம் எளிது. 1950களில் பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் டிவி ஒன்றுதான். அது கூடத்தில் இருக்கும். பாட்டி, அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாரும் அதன் முன்னால்தான் உட்கார வேண்டும். சல்லிவனின் கணக்கு இந்தக் கூடத்தை வைத்துப் போட்ட கணக்கு. தட்டுகளைக் கழிமேல் சுழற்றும் வித்தைக்காரர் பிள்ளைகளுக்கு, நகைச்சுவைக்காரர் அப்பாவுக்கு, ஓபரா பாடகி பாட்டிக்கு. 1956 நவம்பர் 25 அன்று மரியா காலாஸ் அவருடைய நிகழ்ச்சியில் ‘டோஸ்கா’விலிருந்து பாடினார். அதற்குச் சரியாக நான்கு வாரம் முன்பு அதே நிகழ்ச்சியில் பாடியவர் எல்விஸ் பிரெஸ்லி. இருவரையும் ஒரே குடும்பம்தான் பார்த்தது. ஒரே மாதிரி ரசித்ததா என்பது வேறு விஷயம்.

ஆக, யாரை அழைப்பது என்பதைவிட, அழைத்தவரை எந்தக் கோலத்தில் கூடத்துக்குள் விடுவது என்பதுதான் தயாரிப்பாளர்களின் தலைவலி. ரசிகர்களின் கோபமும் அங்கேதான் கிளம்பியது.

இடுப்பில் தொடங்கிய வழக்கு

1956 ஜனவரி 28 அன்று டோர்ஸி சகோதரர்களின் ‘ஸ்டேஜ் ஷோ’வில் எல்விஸ் முதன்முதலாக நாடு முழுக்கத் தெரிந்தார். அப்போது அவருக்கு வயது 21. பெரிய பிரளயம் ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் நிகழ்ச்சியில்தான் வெடித்தது. அன்று அவர் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ‘ஹவுண்ட் டாக்’ பாடினார். கை சும்மா இருந்ததால் உடம்பு பேச ஆரம்பித்தது. பாட்டின் கடைசிப் பகுதியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு தாளத்துக்கும் இடுப்பை வெட்டினார். அரங்கிலிருந்த பெண்கள் அலறினார்கள். மறுநாள் பத்திரிகைகளும் அலறின, வேறு காரணத்துக்காக. நியூயார்க் டைம்ஸின் தொலைக்காட்சி விமர்சகர் ஜாக் கூல்டு, இந்தப் பையனுக்குப் பாடும் திறமை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்ற பொருள்பட எழுதினார்.

இதற்குள் என்.பி.சி. தன் புது நிகழ்ச்சியைச் சல்லிவனுக்கு நேர் எதிரே, அதே ஞாயிறு, அதே எட்டு மணிக்குக் களம் இறக்கியிருந்தது. நடத்தியவர் ஸ்டீவ் ஆலன். ஜூலை 1க்கு எல்விஸை ஏற்கெனவே ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். இப்போது ரத்துசெய்தால் கூட்டம் போய்விடும், அப்படியே விட்டால் விளம்பரதாரர் முகம் சுளிப்பார். ஆலன் ஒரு வழி கண்டுபிடித்தார். பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது என்கிற வழி. எல்விஸுக்கு வாலுள்ள கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும் மாட்டினார். மேடை நடுவில் உயரமாக ஒரு பீடம். பீடத்தின்மேல் நீளக் காதுகள் தொங்கும் பாசெட் ஹவுண்ட் நாய் ஒன்று. அதன் தலையிலும் தொப்பி, கழுத்திலும் டை. எல்விஸ் ஆடாமல் அசையாமல் அந்த நாயைப் பார்த்து ‘ஹவுண்ட் டாக்’ பாட வேண்டும்.

பாடினார். நாய் அவரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியபோது அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடி முடித்தார்.

டிரெண்டெக்ஸ் என்ற நிறுவனம் அப்போது வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, யார் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும். அன்றைய கணக்கு: ஆலனுக்கு 20.2, சல்லிவனுக்கு 14.8. இந்தப் பையன் என் நிகழ்ச்சிக்கு ஒத்துவர மாட்டான் என்று சொல்லியிருந்த சல்லிவன், சில நாட்களிலேயே மூன்று நிகழ்ச்சிகளுக்கு 50,000 டாலர் என்று எல்விஸிடம் ஒப்பந்தம் போட்டார். கொள்கைக்கும் கணக்குக்கும் சண்டை வந்தால் தொலைக்காட்சியில் எது ஜெயிக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

ஆனால் நமக்கு முக்கியம் அந்தக் கணக்கு இல்லை. மறுநாள், ஜூலை 2, நியூயார்க்கின் ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எல்விஸ் வந்தபோது வாசலில் ரசிகைகள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தார்கள். எங்களுக்கு உண்மையான எல்விஸ் வேண்டும் என்பதுதான் அட்டைகளில் இருந்த கோரிக்கை. எல்விஸ் உள்ளே போனார். முந்தின இரவு நாயிடம் பாடிய அதே பாட்டை, திருப்தி வரும்வரை 31 முறை பதிவுசெய்தார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 4 அன்று, சொந்த ஊரான மெம்ஃபிஸில் திறந்தவெளிக் கச்சேரி. நியூயார்க்காரர்கள் என்னை மாற்றிவிட முடியாது, உண்மையான எல்விஸ் யாரென்று இன்றைக்குக் காட்டுகிறேன் என்று மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார்.

அட்டை பிடித்த பெண்களுக்கு அவர் சொன்ன பதில் அது. அடுத்த பன்னிரண்டு வருடமும் இந்த வழக்கு தீரவில்லை.

இடுப்புக்கு மேலே மட்டும்

சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் முதலில் தோன்றியது 1956 செப்டம்பர் 9. விசித்திரம் என்னவென்றால், அன்று சல்லிவனே இல்லை. கார் விபத்தில் அடிபட்டு ஓய்வில் இருந்தார். நியூயார்க்கிலிருந்து நடிகர் சார்லஸ் லாட்டன் நடத்தினார். முதல் சினிமாவில் நடித்துக்கொண்டிருந்த எல்விஸ் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாடினார். அன்று டிவி பார்த்தவர்களில் 82.6 சதவீதம் பேர், ஏறத்தாழ ஆறு கோடிப் பேர், இந்த நிகழ்ச்சியைத்தான் பார்த்தார்கள். அவர் ஆட ஆரம்பித்தபோதெல்லாம் கேமரா முகத்துக்கு நெருங்கிப் போனது. கால்களில் என்ன நடக்கிறது என்பதை அரங்கிலிருந்து வந்த அலறலை வைத்துத்தான் வீட்டிலிருந்தவர்கள் ஊகிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி, 1957 ஜனவரி 6. இம்முறை இடுப்புக்கு மேல் மட்டும்தான் படம்பிடித்தார்கள். வேடிக்கை, அன்று அவர் ‘பீஸ் இன் த வேலி’ என்ற கிறிஸ்தவப் பக்திப் பாட்டையும் பாடினார். அதற்கும் அதே இடுப்புக்கு மேல்தான். கடைசியில் சல்லிவன் மேடைக்கு வந்து, இவர் கண்ணியமான நல்ல பையன் என்று நாட்டு மக்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

இந்த இடத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இடுப்பை மறைத்தது அவமானம் என்றது ஒரு கட்சி. மறைத்ததால்தான் எல்லாரும் இடுப்பைப் பற்றியே பேசினார்கள், இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா என்றது இன்னொரு கட்சி. எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர் சந்தையில் பழுத்த ஆசாமி என்பதால் இரண்டாவது கட்சியின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சல்லிவனின் சான்றிதழைப் பற்றியும் இதே தகராறு. கூடத்துக்குள் ராக் அண்ட் ரோலை அனுமதித்த கதவு அது என்பார்கள் சிலர். சாமியாடியைச் சட்டை போட்டு உட்கார வைத்த நாள் அது என்பார்கள் மற்றவர்கள்.

சினாட்ராவின் வரவேற்பு

1957ல் ராக் அண்ட் ரோலை மிகக் கடுமையான வார்த்தைகளில் பத்திரிகையில் தாக்கியவர் ஃபிராங்க் சினாட்ரா. மூன்றே வருடத்தில் அவருடைய டிவி சிறப்பு நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். 1960 மார்ச்சில் எல்விஸ் ராணுவச் சேவை முடித்து வந்தார். டைமெக்ஸ் கடிகாரக் கம்பெனியின் விளம்பரத்தோடு, எல்விஸை வரவேற்கும் நிகழ்ச்சி ஒன்றை மயாமி பீச்சின் ஃபோன்டன்புளூ ஹோட்டலில் மார்ச் 26 அன்று பதிவுசெய்தார் சினாட்ரா. மே 12 அன்று ஏ.பி.சி.யில் ஒளிபரப்பானது. எல்விஸுக்குச் சம்பளம் 1,25,000 டாலர்.

ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அவர் பாடியது சொற்ப நேரம்தான். சீருடையில் ஒருமுறை தலைகாட்டினார். பிறகு டக்ஸீடோ அணிந்து தன் புதுப் பாடல்கள் இரண்டைப் பாடினார். அப்புறம்தான் அந்தப் பிரசித்தமான பண்டமாற்று. சினாட்ராவின் ‘விட்ச்கிராஃப்ட்’டை எல்விஸ் எடுத்துக்கொண்டார், எல்விஸின் ‘லவ் மீ டெண்டர்’ பாட்டைச் சினாட்ரா எடுத்துக்கொண்டார். இருவரும் மாறி மாறி ஒவ்வொரு வரியாகப் பாடினார்கள்.

இந்தக் காட்சியை வைத்து எல்விஸ் கட்சியும் சினாட்ரா கட்சியும் போடும் சண்டை இன்னும் ஓயவில்லை. சினாட்ரா அடுத்தவர் பாட்டைக் கொஞ்சம் கேலியாகவே பாடினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. எல்விஸ்தான் ‘விட்ச்கிராஃப்ட்’டில் தோளை வெட்டி விளையாடி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்பது பதில். காட்சியை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். சினாட்ராவுக்கு அது சொந்த மேடை, எங்கே நிற்பது என்று யோசிக்கவே இல்லை. எல்விஸின் தோள் துள்ளத் தொடங்குகிறது, ஆனால் டக்ஸீடோ அதைத் தடுத்து நிறுத்துகிறது. அரங்கில் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓர் அலறல். 1956ல் அட்டை பிடித்தவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. விருந்து தடபுடல், விருந்தாளிதான் சாப்பிடவில்லை.

பேரம் பேசக் கற்றவர்கள்

அடுத்த தலைமுறை இதைப் பார்த்துப் படித்துக்கொண்டது. பீட்டில்ஸின் மேலாளர் பிரயன் எப்ஸ்டீன், சல்லிவனிடம் மூன்று நிகழ்ச்சிகளுக்கு 10,000 டாலருக்கே ஒப்புக்கொண்டார். எல்விஸுக்குக் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு. பதிலுக்கு அவர் கேட்டது முதலிடம்: நிகழ்ச்சி அவர்களுடையதாகத் தெரிய வேண்டும். 1964 பிப்ரவரி 9 அன்று அரங்கில் இருந்த 728 இருக்கைகளுக்கு 50,000 பேர் விண்ணப்பித்தார்கள். ஏழு கோடியே முப்பது லட்சம் பேர் வீட்டில் பார்த்தார்கள். சல்லிவன் எல்விஸிடமிருந்து வந்த வாழ்த்துத் தந்தியை மேடையில் வாசித்தார். நால்வரும் கச்சிதமான கோட்டும் டையுமாகத்தான் வந்தார்கள், ஆனால் அது அவர்களே கொண்டுவந்த கோட்டு. ஜான் லெனனின் முகத்துக்குக் கீழே, பெண்களே மன்னியுங்கள், இவர் கல்யாணமானவர் என்ற பொருளில் எழுத்து ஓடியது. பாவம், அன்று பீட்டில்ஸுக்கு நடுவே நகைச்சுவை நாடகம் போட்ட மிட்ஸி மெக்கால், சார்லி பிரில் தம்பதியின் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

1967ல் நிலைமை முற்றியது. ஜனவரியில் சல்லிவன் நிகழ்ச்சியில் ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு பாட்டின் பல்லவியை மாற்றிப் பாடச் சம்மதித்தார்கள். மிக் ஜாகர் ஒவ்வொரு முறை மாற்றிய சொல் வரும்போதும் கண்ணை மேலே உருட்டினார். செப்டம்பரில் டோர்ஸ் குழுவிடமும், போதையைக் குறிப்பதாகப் பட்ட ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். ஜிம் மாரிசன் மாற்றவில்லை. டோர்ஸுக்கு அந்தக் கதவு அத்தோடு மூடியது. இளைஞர்களின் தராசில் இதற்குப் பிறகு எடைக்கல்லே மாறிவிட்டது. யார் நன்றாகப் பாடினார் என்பது போய், யார் வளையவில்லை என்பதே கேள்வியாயிற்று.

ஒரு கை பட்டதற்கு

கறுப்பினப் பாடகர்களுக்கு இந்தக் கூடத்தின் கதவு இன்னும் குறுகலானது. நாட் கிங் கோல் 1956 நவம்பரில் என்.பி.சி.யில் சொந்த நிகழ்ச்சியே தொடங்கினார். எலா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே, பெகி லீ போன்ற நட்சத்திரங்கள், தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கே விருந்தினராக வந்து கைகொடுத்தார்கள். ஆனாலும், தென் மாநிலங்களின் வெறுப்புக்குப் பயந்து, நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. 1957 டிசம்பரில் கோலே முடித்துக்கொண்டார்.

அதற்குப் பத்து வருடம் கழித்தும் பயம் போகவில்லை. 1968 மார்ச்சில் இங்கிலாந்துப் பாடகி பெட்யுலா கிளார்க், என்.பி.சி.க்கான தன் சிறப்பு நிகழ்ச்சியில் பெலஃபான்டேவோடு போரை எதிர்க்கும் ஒரு பாட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். பாடும் வேகத்தில் அவருடைய கை பெலஃபான்டேவின் முழங்கையைத் தொட்டது. விளம்பரதாரரான பிளிமத் கார் கம்பெனியின் பிரதிநிதி துடித்துப்போனார். தொடாமல் இருவரும் தள்ளி நிற்கும் வேறு பதிவைப் போடச் சொன்னார். கிளார்க்கும் அவருடைய கணவரும் மறுத்தார்கள். இயக்குநர் ஸ்டீவ் பைண்டரும் அவர்களும் சேர்ந்து, மற்ற பதிவுகள் எதுவும் மிஞ்சாமல் பார்த்துக்கொண்டார்கள். தொட்டது தொட்டபடியே ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பானது. மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த ஸ்டீவ் பைண்டரிடம்தான் சீக்கிரமே எல்விஸின் நிகழ்ச்சி வந்து சேர்ந்தது.

விருந்தாளி வீட்டுக்காரரானார்

வருடத்துக்கு மூன்று சினிமா என்று நடித்து நடித்து, 1968ல் எல்விஸ் காலாவதியான சரக்காகியிருந்தார். பார்க்கர் என்.பி.சி.யோடு பேசி வைத்தது ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. கோட்டு, கிறிஸ்துமஸ் கீதங்கள், ஒரு வணக்கம், முடிந்தது. விளம்பரதாரர் சிங்கர். ஆமாம், நம் ஊர் வீடுகளிலும் தடதடத்த அதே சிங்கர் தையல் மிஷின்தான்.

பைண்டருக்கு அதில் விருப்பமில்லை. எல்விஸை ஒருநாள் சன்செட் பொலிவார்டில் தெருவோரம் நிற்க வைத்தாராம், போகிறவர் வருகிறவர் யாரும் கண்டுகொள்ளவில்லையாம். இதைச் சொன்னவர் பைண்டரே. ஒத்திகை முடிந்த இரவுகளில் ஒப்பனை அறையில் எல்விஸும் நண்பர்களும் கிட்டாரை எடுத்து, கதையும் கிண்டலுமாகப் பழைய பாட்டுகளைப் பாடுவார்கள். அதைக் கேட்ட பைண்டர், அந்த அறைக்குள்ளேயே கேமரா வைக்க ஆசைப்பட்டார். பார்க்கர் விடவில்லை. அதனால் அறையை மேடைக்குக் கொண்டுவந்தார் பைண்டர்.

ஜூன் 27 அன்று, என்.பி.சி.யின் பர்பாங்க் ஸ்டுடியோவில், குத்துச்சண்டை மேடை மாதிரி சின்னதாக ஒரு சதுரம். நான்கு பக்கமும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ரசிகர்கள். பில் பெலூ வடிவமைத்த கறுப்புத் தோல் உடையில் எல்விஸ். பக்கத்தில் 1950களில் அவரோடு வாசித்த ஸ்காட்டி மூர் கிட்டாரோடு. டிரம்ஸ் வாசிக்கும் டி.ஜே. ஃபொன்டானாவுக்கு அன்று டிரம்ஸ் கிடையாது, கிட்டார் பெட்டியின் முதுகில்தான் தட்டினார். எல்விஸ் வியர்த்தார், பாட்டு மறந்து சிரித்தார், தன் உதட்டுக் கோணலைத் தானே கிண்டலடித்தார். எழுந்து பாட நினைத்தபோது கிட்டாரை மாட்டப் பட்டை இல்லை. ஒரு காலை நாற்காலிமேல் ஊன்றிச் சமாளித்தார்.

1968 டிசம்பர் 3 அன்று ஒளிபரப்பானபோது, டிவி பார்த்தவர்களில் 42 சதவீதம் பேர் இதைத்தான் பார்த்தார்கள். பார்க்கர் கேட்ட கிறிஸ்துமஸ் கீதங்களில் கடைசியில் மிஞ்சியது ‘புளூ கிறிஸ்துமஸ்’ ஒன்றே ஒன்று. முடிவில் வந்தது வால்டர் ஏர்ல் பிரவுன் எழுதிய ‘இஃப் ஐ கேன் டிரீம்’. கிங்கையும், ஒத்திகை சமயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் சுடப்பட்ட ராபர்ட் கென்னடியையும் இழந்த வருடத்துக்கான பாட்டு.

ரசிகர்களின் வழக்கு இத்தோடு தீர்ந்ததா என்றால், புதுக் கிளைகள் விட்டது. ஆட்டக்காரர்கள் சூழ்ந்த பெரிய காட்சிகள் தேவைதானா என்பது ஒரு கிளை. விளம்பரதாரர் பயந்ததால் விலைமாதர் விடுதிக் காட்சியை முதல் ஒளிபரப்பில் வெட்டியது சரியா என்பது இன்னொன்று. 1985ல் எச்.பி.ஓ. அந்தச் சதுர மேடைக் கச்சேரியைத் தனி நிகழ்ச்சியாக ஒளிபரப்பியபோது, இதையே அன்றைக்குப் போட்டிருந்தால் போதுமே என்றவர்கள் ஏராளம்.

என் கட்சி எது என்று கேட்டால், ஆலனின் நாயையும் சினாட்ராவின் டக்ஸீடோவையும் பார்க்காமல் 1968ஐ மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள் என்பேன். அந்த 1968 நிகழ்ச்சியில் நட்சத்திர விருந்தினர் என்று யாரும் கிடையாது, நடத்தித் தரும் ஆளும் கிடையாது, சான்றிதழ் கொடுக்க சல்லிவனும் கிடையாது. அட்டை பிடித்த பெண்கள் 1956லேயே சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்கள்: கோளாறு பாடகரிடம் இல்லை, அழைக்கும் முறையில் இருந்தது. எல்லாருக்கும் பிடித்தவராக ஆக்கி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அவர் யாருக்கும் முழுதாகப் பிடிக்காதவராகப் போனார். ஒரே கூடத்தில் எல்லாரையும் திருப்திப்படுத்தும் வியாபாரம் இதற்குப் பிறகு வெகுநாள் ஓடவில்லை. மூன்றே வருடத்தில் சி.பி.எஸ். சல்லிவனுக்கே விடைகொடுத்தது.

ஆனால் அந்த வியாபாரம் அதற்குப் பிறகும் ஒரு தடவை எதிர்பாராத விதமாகப் பலித்தது. 1977 செப்டம்பரில், லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், 74 வயது பிங் கிராஸ்பியின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்த 30 வயது டேவிட் போவி, கொடுத்த பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, வேறு ஏதாவது கொடுங்கள் என்றார். பாட்டெழுதுகிறவர்கள் பியானோ இருந்த அறைக்கு ஓடினார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)